நான் எழுதியது முகடு அல்ல, முதுகு

‘மலைத்தடம்’ இதழின் ஆசிரியரும், நம் நடையர் கழகத்தின் ஏப்ரல் நெடும்பயணத்தில் யார் யாருக்கு இணை என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றவருமான மதிப்பிற்குரிய கத்தாஸ் அவர்களுக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். இனி முடியாது. ஆனாலும் முறை தவறக் கூடாது என்பதால், தங்கள் நலம், தங்கள் துணைவியார் நலம், தங்கள் வலது முழங்கால் நலம் ஆகியவற்றை முதலில் விசாரித்துக்கொள்கிறேன். இந்த ஆண்டுப் பனிக்குத் தங்கள் ஆலிவ் மரங்கள் தாக்குப்பிடித்திருக்கும் என்று நம்புகிறேன். என் நலத்தை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. கழகத்தில் அந்த வழக்கமும் கிடையாது. விசாரிப்பதற்கு நான் என்ன லபீபா?

குளிர்கால இதழ் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே ‘என் முதுகும் மலையின் முதுகும்’ என்ற லபீபின் கட்டுரையைப் போட்டு, அதற்கு மேலே ‘நம் மலைகளின் புதிய குரல்’ என்றும் போட்டிருக்கிறீர்கள். நல்லது. பத்ரூனில் குளியலறைக் கல் விற்கும் ஒருவன் எழுத்தாளன் ஆவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பள்ளியில் அவனுக்கு வசந்த காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்தக் கட்டுரைக்கு அவன் பேனா பரிசு வாங்கினான், பேனாவை எனக்குக் காட்டினான், கொடுக்கவில்லை. அதையெல்லாம் நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மலைமுகட்டுக்கும் மனித முதுகுக்கும் நம் அரபு மொழியில் ஒரே சொல்தான் என்பதை வைத்து அவன் தலைப்பில் செய்திருக்கும் சிலேடையைக் கூட, நான் அவனிடம் பல முறை சொல்லி அவன் ஒரு முறையும் சிரிக்காத சிலேடை என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. என் முறையீடு வேறு. அந்தக் கட்டுரையில் “வலியே அறியாத எங்கள் இலக்கண வாத்தியார், மலையாடு போல எல்லோருக்கும் முன்னால் முகட்டைத் தாண்டிவிட்டு, தாண்டிவிட்டேன் என்று கீழே தவித்துக்கொண்டிருந்த எங்களுக்குச் செய்தியும் அனுப்பினார்” என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியால் கழகம் முழுவதும் என்னைக் கல்நெஞ்சன் என்கிறது. அந்த வரியால்தான் ஏப்ரல் பயணத்தில் லபீபுக்கு இணையாகப் பல் வைத்தியர் ஷுக்ரியையும், எனக்கு இணையாக ‘எஞ்சுபவர்’ என்பவரையும் நியமித்திருக்கிறீர்கள். எஞ்சுபவர் என்பது ஒரு பெயரா, ஐயா?

இணை என்றால் என்ன என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் கூடாரம் சுமப்பான், மற்றவன் அடுப்பும் காபிப் பாத்திரமும் சுமப்பான். ஊரில் தங்கினால் ஒரே அறை, ஒரே சோப்பு. எங்கள் இருவருக்கும் தலையில் முடி இருந்த காலத்திலிருந்து நானும் லபீபும் இணை. அவன் குறட்டைக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஷுக்ரிக்குத் தெரியுமா?

இப்போது, போன பயணத்தில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் வலிதான் மூத்தது. இதைத் தயவுசெய்து அடிக்கோடிடுங்கள். காதீஷா பள்ளத்தாக்கிலிருந்து ஹஸ்ரூனுக்கு ஏறும்போதே என் இடுப்புக்குச் சற்று மேலே யாரோ துருப்பிடித்த சாவியை விட்டுத் திருகுவது போல இருந்தது. நான் சொல்லவில்லை. இலக்கணம் படித்தவன் எதையும் உடனே வாக்கியமாக்கிவிடமாட்டான். வலி நிலையானதா, வந்து போவதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு திருப்பம் தாண்டியிருப்போம், எனக்குப் பின்னால் லபீப் ஒரு பாறையில் உட்கார்ந்து “ஆ” என்றான். அவ்வளவுதான், ஒரே ஒரு உயிரெழுத்து. மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடியது. பொறியாளர் ஹாலா, “லபீப் அண்ணே, அசையாதீங்க! யாராவது தண்ணி குடுங்க! ஐயோ, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு!” என்று கத்துகிறாள். அவன் முகம் எப்போதும் அந்த நிறம்தான். ஷுக்ரி முட்டிபோட்டு உட்கார்ந்து பழக்க தோஷத்தில், “எங்க, வாயைத் திறங்க” என்றார். அவனும் திறந்தான். பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்து, “இல்ல இல்ல, திரும்புங்க, முதுகைக் காட்டுங்க” என்றார்.

வலிக்கு என்ன காரணம் என்று தங்களுக்குச் சொல்கிறேன், கட்டுரையில் அது இல்லை. பையின் இடுப்புப் பட்டையைப் பூட்டினால்தான் பாரம் இடுப்பில் இறங்கும். லபீபின் வயிற்றுக்கு அந்தப் பட்டை எட்டாது. ஆகவே அவன் பள்ளிக்கூடப் பிள்ளை போல மொத்த பாரத்தையும் தோளில் தொங்கவிட்டு நடப்பான். பட்டைக்குக் கயிறு கட்டி நீட்டிக்கொள் என்று வருடக் கணக்கில் அவனிடம் சொன்னேன். “என் வயித்தைப் பத்திப் பேசாதே வாத்தியாரே” என்பான். அன்று ஷுக்ரி தன் கூடாரக் கயிற்றை அறுத்துக் கட்டினார், “டாக்டர், நீங்க தெய்வம்!” என்றான். அப்புறம் அவன் சுமையைப் பிரித்தார்கள். ஷுக்ரி கூடாரத்தை எடுத்தார், ஹாலா கம்பளிப் பையை எடுத்தாள், இரண்டு பேரும் அதற்காகக் கைதட்டு வாங்கினார்கள். மிச்சமிருந்த பருப்பு, புல்குர் கோதுமை, எண்ணெய்க் குப்பி, அவன் மாற்றுச் செருப்பு, அவன் மாமியார் கட்டிக் கொடுத்த அத்திப்பழ ஜாம், இரண்டு பாட்டில், எல்லாம் இணை என்ற முறையில் என் பைக்குள் வந்தன. எனக்கு யாரும் கைதட்டவில்லை. கனமானதை எப்போதும் முதுகை ஒட்டி வைக்க வேண்டும் என்று கட்டுரையில் வாசகர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறான். உண்மைதான். அவனுடைய கனமெல்லாம் என் முதுகை ஒட்டித்தான் இருந்தது.

ஹஸ்ரூனில் நமக்கு எப்போதும் இடம் கொடுக்கும் உம்மு ஜிர்ஜிஸ் அம்மாள் செய்தியைக் கேட்டதும் லபீபைக் குப்புறப் படுக்க வைத்து, வீட்டிலிருந்த தேநீர்க் குவளைகளையெல்லாம் கொண்டுவந்து, பஞ்சில் நெருப்பு வைத்து உள்ளே காட்டி ஒவ்வொன்றாக அவன் முதுகில் கவிழ்த்தார். குவளைகள் சதையை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. விருந்துக்கு மேசை போட்டது போல இருந்தது.

“நல்லா இழுக்குதா, ராஜா?”

“இழுக்குது அக்கா, உயிரே வெளிய வந்துடும்போல.”

“வரட்டும், திரும்ப உள்ள தள்ளிடலாம்.”

எனக்கோ நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அந்த முதுகையே பார்த்தேன். ஐயா, பிறர் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், பிறர் வேலையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். சிவப்புச் சிவப்பாக வட்டம் விழுந்த ஒரு முதுகைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. கடைசியில் மானத்தை விட்டு, “அக்கா, குவளை மிச்சம் இருக்கா?” என்று கேட்டேன்.

“தேநீர் வேணுமா வாத்தியாரே? கொஞ்சம் பொறுங்க, அவர் முதுகுலேருந்து எடுத்துக் கழுவித் தர்றேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். லபீப்தான் அதிகம் சிரித்தான்; சிரித்ததில் இரண்டு குவளை கழன்று விழுந்தது. நான் தேநீர் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அடுத்து முகடு. அதாவது தன்னூரீனைத் தாண்டி ஆகூராவுக்கு இறங்கும் வழியில் நாம் எப்போதும் திட்டிக்கொண்டே ஏறும் அந்த முகடு. நான் நொண்டுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று விடிந்ததும் தனியாகக் கிளம்பிவிட்டேன். மலையாடு போல அல்ல, ஐயா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும் கிழவன் போல, பக்கவாட்டில் ஏறினேன். எப்படியோ மேலே போய் அந்தப் பக்கம் சற்று இறங்கியதும் ஒரு சரிவில் உட்காரலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தது என் தீர்மானம், சாய்ந்தது பையின் தீர்மானம். ஜாம் பாட்டில்கள் பின்னால் இழுக்க, நான் மல்லாந்து, கையும் காலும் மேலே. அசைந்தால் சாவி திருகுகிறது. மார்புப் பட்டையின் பூட்டு எங்கோ கழுத்துக்குப் பக்கத்தில் ஏறிச் சிக்கிக்கொண்டது. ஆமையை யாராவது புரட்டிப் போட்டால் அது வானத்தைப் பார்த்து என்ன நினைக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கைபேசி மட்டும் சட்டைப் பையில் இருந்தது. ஒரு விரலால் லபீபுக்கு எழுதினேன்: “முதுகு முடிந்தது. முகட்டுக்குப் பின் காத்திருக்கிறேன்.”

அவர்கள் வாசித்தது என்ன தெரியுமா? “முகடு முடிந்தது. நண்பகலுக்குப் பின் காத்திருக்கிறேன்.”

தாங்கள் பத்திரிகை நடத்துபவர். முதுகு, முகடு, நண்பகல் மூன்றுக்கும் நம் அரபு எழுத்தில் அதே மூன்று எழுத்துகள்தாம் என்பதும், நண்பகலைப் பிரித்துக்காட்ட முதல் எழுத்தின் தலையில் ஒரு சின்னக் குறி போட வேண்டும் என்பதும், முதுகையும் முகட்டையும் பிரித்துக்காட்ட எந்தக் குறியும் கிடையாது என்பதும் தங்களுக்குத் தெரியும். கைபேசியில் யார் ஐயா குறி போடுகிறார்கள்? அதுவும் மல்லாந்து கிடக்கும்போது? குறி போடாத பிள்ளைகளுக்கு நான் ஆயுள் முழுக்க மதிப்பெண் குறைத்தவன் என்று இந்த இடத்தில் சிலர் சொல்லலாம். சொல்லட்டும். வாக்கியத்தின் சூழலைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதை யாராவது கேட்டார்களா?

வாத்தியார் முகட்டை முடித்துவிட்டார், பிற்பகலில் பார்ப்பார், அவசரமில்லை என்று அவர்கள் அந்தப் பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தயிர்ப் பாலாடை, ஆலிவ், வெங்காயம், சூடு பண்ணின ரொட்டி. மெனுவைக் கட்டுரையில் விரிவாகவே கொடுத்திருக்கிறான்.

என் பக்கம் முதலில் ஆடுகள் வந்தன. ஒன்று என் தொப்பியை நக்கிப் பார்த்து விட்டுவிட்டது. பிறகு மேய்ப்பவர் வந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தலைமேல் நின்று குனிந்து பார்த்தார்.

“என்ன, தூக்கமா?”

“இல்லண்ணே, எழுந்திரிக்க முடியல. கொஞ்சம் தூக்கி விடுங்க.”

“தூக்கலாம். நீ எந்த வீட்டுப் புள்ள?”

“அண்ணே, முதுகு போயிடுச்சு…”

“அது இருக்கட்டும்பா. எந்த வீடு? அம்மா யாரு?”

மல்லாந்தபடியே என் வம்சாவளியைச் சொன்னேன். அப்பா பக்கம் அவருக்குத் திருப்தியில்லை. அம்மா பக்கம் வந்து, அம்மாவின் அத்தை தூமாவில் வாழ்க்கைப்பட்ட வீடு வரைக்கும் போன பிறகுதான் முகம் மலர்ந்தது. “அட, பூட்ரோஸ் மாமாவோட சம்பந்தி வீடா! முதல்லயே சொல்லக் கூடாதா? உன்னை வெயில்ல போட்டுட்டுப் பேசிக்கிட்டிருக்கேன்!” என்று பையின் கைப்பிடியைப் பற்றி, ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினார். உள்ளே ஏதோ சொடுக்கியது. ஜாம் பாட்டிலா முதுகெலும்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

சரியாக அப்போதுதான் முகட்டின் மேல் அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டேன், விழாமல் இருக்க. தாடையை உயர்த்திக்கொண்டேன், கத்தாமல் இருக்க. லபீப் வந்தான். நடந்து அல்ல. உம்மு ஜிர்ஜிஸ் அம்மாளின் மச்சானுடைய கோவேறு கழுதை மேல், அரசன் போல. ‘முகட்டை அடி அடியாக வென்றேன்’ என்று எழுதியிருக்கிறானே, அந்த அடிகள் கழுதையுடையவை.

“பாருங்கடா வாத்தியாரை! சிலை மாதிரி நிக்கிறார்! அசையாதே, அசையாதே, படம் எடுக்கிறேன்!”

அசையும் நிலையில் நான் இல்லை. அந்தப் படத்தைத்தான் தாங்கள் ‘களைப்பறியா வாத்தியார்’ என்று போட்டு அச்சிட்டீர்கள். பக்கத்தில் நிற்கும் மேய்ப்பர் வாயைத் திறக்கப் போனார். “இவர் நம்ம தூரத்துச் சொந்தம், ரொம்பப் பேசமாட்டார்” என்று நானே முந்திக்கொண்டேன். லபீப் கழுதையிலிருந்து குனிந்து, “உனக்கு எதுவுமே ஆகாது, குடுத்து வச்சவன்” என்றான். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்குப் பிறகு சொன்னால் அது வலி இல்லை, நகல்.

அதன் பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். ஜஸ்ஸீனில் பேசக் கூப்பிட்டார்கள், ஸஹ்லேயில் கூப்பிட்டார்கள். ஊர் ஊராக அவனுக்குத் தைலம் வருகிறது, கம்பளி இடுப்புக் கச்சை வருகிறது. என் மனைவி நுஹாத் அவன் கட்டுரையை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். “அந்த மனுஷனைப் பாருங்க, அவ்வளவு வலியிலயும் எப்படிச் சிரிக்கிறார். உங்களுக்கு ஒண்ணுமே வலிக்கல, மூஞ்சியைப் பாருங்க” என்கிறாள். நான் தயிர் எடுக்கக் கூட அவன் முதுகைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

திரிப்போலியில் யாருக்கும் தெரியாமல் ஒரு வைத்தியரிடம் படம் எடுத்துப் பார்த்தேன். அவர் வெளிச்சத்தில் வைத்து, “இந்த முதுகோடயா மலை ஏறினீங்க? யாரும் தடுக்கலையா?” என்றார். கத்தாஸ் அவர்களே, அந்த ஒரு கேள்விக்காக அவர் கையை முத்தமிட்டிருப்பேன், குனிய முடிந்திருந்தால். ஏப்ரலில் போகலாம் என்றார். ஒரு நிபந்தனை: பாதிக்கு மேல் சுமக்கக் கூடாது, மிச்சத்தை முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளும் இணை இருந்தால் மட்டும். இல்லையென்றால் வீட்டோடு இருங்கள் என்றார். எஞ்சுபவரிடம் போய் என் முதுகைப் பற்றி எப்படிப் பேசுவது? அதற்கு முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டாமா?

ஒருவனுக்குச் செல்வாக்கான ஆள் துணைக்கு இருந்தால் அவனுக்கு முதுகு இருக்கிறது என்பார்கள் நம் பக்கத்தில். எனக்கு அந்த முதுகும் இல்லை, இந்த முதுகும் இல்லை. ஆகவே தங்களிடம் கேட்பது: ஒன்று, நான் எழுதியது முகடு அல்ல, முதுகு என்று வசந்த இதழில் திருத்தம் போட வேண்டும், லபீபின் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். அடுத்து, ஷுக்ரியைப் பல் உள்ள வேறு யாருக்காவது இணையாக்கிவிட்டு, லபீபை இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அவன் வர மறுத்தால், மறுத்தான் என்பதையும் அச்சிட வேண்டும்.

தங்கள் துணைவியார் அனுப்பிய சீமைமாதுளை ஜாமுக்கு நன்றி. இப்போதெல்லாம் பாட்டிலில் வரும் எதையும் எடை பார்த்துத்தான் வாங்குகிறேன். தங்கள் முழங்காலும், தங்கள் மரங்களும், தங்கள் இதழும் நிமிர்ந்தே நிற்க ஆண்டவன் அருளட்டும். என்னை நிமிர்த்த அவருக்கு நேரம் கிடைக்கும்போது கிடைக்கட்டும்.

பின்குறிப்பு: மேலே என் முழுப் பெயரையும், தந்தை பெயரையும், கல்வித் தகுதிகளையும் எழுதிக் கையெழுத்துப் போட இடம் விட்டுப் பேனாவைத் திறந்தபோது தொலைபேசி மணி அடித்தது. லபீப். “உன் முதுகு எப்படி இருக்கு?” என்றான், வணக்கம் கூடச் சொல்லாமல். ஆகூராவில் பேசப் போயிருந்தானாம். அந்த ரொம்பப் பேசாத தூரத்துச் சொந்தம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்து, கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, தொப்பியை நக்கிய ஆடு முதல் தூமா அத்தை வரை எல்லாவற்றையும் நடித்தே காட்டியிருக்கிறார். “ஏன்டா சொல்லல? என் ஜாமையும் தூக்கிக்கிட்டு…” என்று இழுத்தான். ஷுக்ரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டானாம். “அந்த ஆள் எதுக்குமே குறை சொல்ல மாட்டேங்கிறார், எப்படி ஒரு மாசம் நடக்கிறது? ஏப்ரல்ல நீ காபிப் பாத்திரம் மட்டும் தூக்கு” என்றான். ஆகவே கத்தாஸ் அவர்களே, மேலே கேட்டது எதுவும் வேண்டாம். எங்கள் இருவரையும் சேர்த்துவிடுங்கள், எஞ்சுபவரை ஷுக்ரிக்குக் கொடுங்கள், கழுதை விஷயத்தை மறந்துவிடுங்கள்.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்போது அவன் போனை வைக்கும் முன் கடைசியாகச் சொன்னது மறுபடி காதில் விழுந்தது: “இதை வச்சு அடுத்த இதழுக்கு ஒரு கட்டுரை எழுதப்போறேன் வாத்தியாரே. தலைப்புகூட வச்சாச்சு. வாத்தியாரின் முதுகு.” என் முதுகைப் பற்றி, ஐயா. அவன். சொந்த வலியில் பேர் வாங்கியது போதாதென்று. அதனால் இதை இன்றைய தபாலிலேயே சேர்க்கிறேன். அவனுடையது வருவதற்கு முன் அச்சிட்டுவிடுங்கள். லபீப் என்று வருகிற இடத்திலெல்லாம் அது வேறொரு லபீப் என்று அடிக்குறிப்புப் போடுங்கள். யார் எழுதியது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஏப்ரல் முழுக்க அவனோடு ஒரே அறையில் படுக்க வேண்டியவன் நான். கையெழுத்துப் போடாமல்தான் அனுப்புகிறேன்.